நோன்பு

உடல் எடையைக் குறைக்க 16 மணி நேரம் பட்டினி கிடப்பதும் இன்று ‘விரதம்’ எனப்படுகிறது. சிலர் அதை நோன்பு என்றும் எழுதுகின்றனர். நோன்பின் வேர் ‘நோல்’: பொறு, தாங்கு. உணவுக்கும் அதற்கும் முதலில் தொடர்பில்லை. சங்க இலக்கியத்தில் ‘நோன்’ என்றால் வலிமை. பாரம் இழுக்கும் எருது நோன்பகடு. நோன்மை என்பதற்குப் பொறுமை, வலிமை இரண்டும் பொருள். தாங்குவதையே வலிமையாகக் கண்ட சொல் இது. திருக்குறளின் தவம் அதிகாரம் தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையுமே தவத்தின் வடிவமாகச் சொல்கிறது. அந்த வரையறையில் உண்ணாமை பற்றிப் பேச்சே இல்லை. பொறுத்தல் பிறகு உண்ணாமையாகச் சுருங்கியது. விரதமும் அப்படித்தான்: வடமொழியில் அது உறுதிமொழி. தமிழ் முஸ்லிம்கள் நோன்பு வைக்கிறார்கள், கஞ்சியோடு நோன்பு திறக்கிறார்கள்; அன்றாடப் பேச்சில் சொல்லை உயிரோடு காத்தவர்களில் அவர்களுக்கே முதலிடம் தரலாம். கொங்கு நாட்டிலோ அது ‘நோம்பி’ ஆகிப் பண்டிகையையே குறிக்கிறது. பொறுத்தலில் தொடங்கிப் பலகாரத்தில் முடிந்த பயணம். எடைக் குறைப்புக்குப் ‘பட்டினி’ போதும். துயரைச் சுமந்தபடி அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒருத்தியின் நாளுக்கு, அவள் ஒரு வேளையும் உண்ணாமல் இருக்காவிட்டாலும், நோன்பு என்ற பெயர் பழைய பொருளில் பொருந்தும்.