முதல் வருட ஹாஸ்டல்

பெருந்துறைப் பக்கம் சானடோரியம் என்றால் எல்லோருக்கும் தெரியும். காசநோயாளிகளுக்காக ஊரை விட்டுத் தள்ளி அமைந்த இடம். சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1992ல் அங்கேதான் மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தது. இன்று அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. இப்படிப்பட்ட இடத்துக்கு டாக்டர் கனவோடு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அனாடமியை விடப் பெரிய பாடம் ஹாஸ்டல்தான். அந்தக் கல்லூரி என்றில்லை, எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் முதல் வருட ஹாஸ்டலுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றின் கதை சிதம்பரத்தில் தொடங்குகிறது.

1996 நவம்பர் 6. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முதலாண்டு படித்த நாவரசு, ராகிங் செய்த சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது; இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2011ல்தான்! பதினைந்து வருடம்.

சரி, ஒன்றாகத் தங்கிப் படிப்பதே ஆபத்தா? அப்படியும் சொல்ல முடியாது. 1918ல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்காக ஆரம்பித்த மருத்துவப் பள்ளியில் மாணவிகள் சேர்ந்து தங்கித்தான் படித்தார்கள். பாடம் எடுத்தவரே அவர்கள் நல்லது கெட்டதையும் பார்த்துக்கொண்டார். 1922ல் முதல் செட்டில் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். கூடவே ஒரு பெரியவர் இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

1997 சட்டம் பெரும்பாலும் தண்டனையைப் பற்றியது. ஹாஸ்டலை எப்படி நடத்துவது என்பதை விரிவாகச் சொன்னது 2009ல் வந்த யுஜிசி விதிமுறைகள். அதற்கும் ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. அந்த வருடம் மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்தார். புதிய மாணவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் தங்க வைக்க வேண்டும் என்றது விதி. பலருக்கும் தெரிந்தது இதுவரைதான். புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு ஆசிரியர் பொறுப்பேற்று, தினமும் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

முதல் பாதி சுலபம். தனி பிளாக், ஒரு வாட்ச்மேன், ஒரு பூட்டு போதும். இரண்டாவதற்கு வார்டையும் வகுப்பையும் முடித்துக் களைத்த ஆசிரியர் மாலையில் ஹாஸ்டல் வரை நடந்து வர வேண்டும்.