தானே மாறும் கியர்

அடுகோடியில் வாழும் நமக்கு மோட்டார்த் தொழில் புதிதன்று. 1951-ஆம் ஆண்டில் மைக்கோ எனப்பெறும் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தோன்றிய நாள் தொட்டு, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் இவ்வூர்த் தெருப்பேச்சிலே கலந்துவிட்டன. அக்கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியதையும், பின்னர் உற்பத்தி பிடதிக்குப் பெயர்ந்ததையும் அன்பர்கள் யாவரும் அறிவர். இத்துணை பழக்கம் இருந்தும், சென்ற ஆண்டு நம் காலனியில் ஓர் ஆட்டோமேட்டிக் காரின் கியர்ப் பெட்டி பழுதுபட்டு நின்றபோது, அதனுள்ளே இருப்பது யாது என்று எடுத்துச் சொல்லவல்லார் நம்முள் ஒருவரும் இலர்.

வண்டிக்கு உடையவர் நம் சங்கத்து உறுப்பினர். இளம்பருவத்தில் கண்ட போலியோவினால் இடக்கால் வலுவிழந்தவர். கிளட்ச் மிதிக்க இயலாத காரணத்தினாலேயே, பழைய வண்டியாயினும் ஆட்டோமேட்டிக்காகத் தேடி வாங்கினார். ஒரு நாள் காலையில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் காட்டியபோது, கியர்ப் பெட்டியை முழுமையாக மாற்றவேண்டும் என்று கூறி, வண்டியின் விலையிற் பாதிக்கு மேற்பட்ட தொகையை எழுதிக் கொடுத்தனர். பிரித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டதற்கு, இதனைப் பிரிப்பது வழக்கமில்லை என்று மறுமொழி வந்தது. வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுக என்று அறிவுரை கூறியோர் பலர். ஆயின் அவருக்கு அது பணக்கணக்கு மட்டுமன்று. அலுவலகத்திற்குப் பிறர் உதவியின்றிப் போய்வரும் உரிமையன்றோ? அப்பெட்டியின் கதை என்ன என்று நாம் ஆராயப் புகுந்தது இவ்வாறுதான்.

முதற்கண், கியர் எதற்கு என்பதைக் காண்போம். மாடு நின்ற நிலையிலிருந்தே வண்டியை இழுக்கும். நீராவி ரயில் எஞ்சினும் அப்படியே. முழு இழுவையும் அதற்குப் புறப்படும் பொழுதிலேயே உண்டு, ஆதலின் அதற்குக் கியர்ப் பெட்டி என ஒன்று இல்லை. பெட்ரோல் எஞ்சினோ சுழன்றுகொண்டிருந்தாலன்றி உயிர் தரியாது. சுழலும் எஞ்சினையும் நின்ற சக்கரத்தையும் இதமாக இணைக்கக் கிளட்ச் வேண்டும். மேட்டில் இழுவையையும் சமவெளியில் வேகத்தையும் பெறப் பல அளவுப் பல்சக்கரங்கள் வேண்டும். இவ்விரண்டையும் கையாலும் காலாலும் செய்வது சாதாரண கார். தானே செய்துகொள்வது ஆட்டோமேட்டிக் கார்.

இதன் பிறப்பிடம் சாலையன்று, கடல். ஜெர்மானியராகிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பார் ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பற்கட்டும் நிறுவனத்தில் பணியாற்றியவர். நீராவி டர்பைன் மிக விரைவாகச் சுழலும். கப்பலின் உந்துவிசிறியோ மெல்லச் சுழன்றாற்றான் பயன்படும். இவ்விரண்டிற்கும் இடையே நீரையே தூதாக வைத்தார் அவர். ஒரு பம்பு நீரைத் தள்ள, அந்நீர் எதிரிலுள்ள டர்பைனைச் சுழற்ற, இடையே நிற்கும் மூன்றாவது இலைச்சக்கரம் நீரின் போக்கைத் திருப்பி இழுவையைப் பெருக்கும். 1905-இல் அவர் பெற்ற காப்புரிமையே இன்றைய டார்க் கன்வெர்ட்டருக்கு மூலம். ஓடும் மேசை விசிறியின் எதிரே ஓடாத விசிறியொன்றை வைத்தால் அதுவும் மெல்லச் சுழலத் தொடங்குவதை நம் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கலாம். காற்றிற்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டிற்குள் அடைத்துவிட்டால் ஏறக்குறைய அதுவே.

நாம் ரயில்வேயில் ஏடு எழுதுவோரேயன்றி இயந்திரம் கற்றோர் அல்லோம். எனினும் நம் துறைக்கு உரிய பெருமையொன்றை ஈண்டுக் கூறாமற் செல்ல மனம் இசையவில்லை. இந்திய ரயில்வேப் பொறியாளராக இருந்த எம். எம். சூரி என்பார், இதே டார்க் கன்வெர்ட்டரையும் பல்சக்கர இணைப்பையும் டீசல் எஞ்சினுக்கு ஏற்பச் சேர்த்தமைத்தார். அது 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்று அவர் பெயராலேயே வழங்கியது. சித்தரஞ்சனில் கட்டப்பெற்ற டபிள்யூ.டி.எஸ்.4 வகை ஷண்டிங் எஞ்சின்கள் அதனைத் தாங்கி ஓடின. அவருக்கு 1962-இல் பட்நாகர் பரிசு கிடைத்தது. பின்னர் துர்காப்பூர் ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைவராகி, ஸ்வராஜ் டிராக்டரின் பிறப்பிற்கும் காரணரானார். யார்டில் பெட்டிகளை இழுத்துத் தள்ளும் எஞ்சினைக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பர்?

காருக்கு வருவோம். கானடா நாட்டு ஆல்ஃபிரட் மன்ரோ என்பார் 1920-களின் தொடக்கத்தில் காற்றழுத்தத்தால் கியர் மாறும் அமைப்பொன்றைச் செய்தார். வலிமை போதாமையால் அது விலைபோகவில்லை. வென்றவர் அமெரிக்கராகிய ஏர்ல் தாம்ஸன். கியர் மாற்றும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரக்காதவாறு செய்யும் சின்க்ரோமெஷ் என்பதும் அவர் கண்டதே. அது 1928-இல் காடிலாக் காரில் வந்தது. அவர் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் உருவாக்கிய ஹைட்ராமேட்டிக், 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வெளிவந்தது. பேரளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கிக் கியர் அதுவே. வண்டி ஓடும் வேகத்திற்கேற்ப ஓர் எண்ணெய் அழுத்தம். ஓட்டுநர் காலால் அழுத்தும் அளவிற்கேற்ப மற்றோர் அழுத்தம். இரண்டும் சிறு வால்வுகளின் இருபுறமும் நின்று தள்ள, எது மிகுகிறதோ அதற்கேற்பக் கியர் மாறும். மின்னணுக் கணிப்பொறி தோன்றாத காலத்தில் எண்ணெயைக் கொண்டே இத்தகைய கணக்கைப் போட்ட அறிவை என்னென்பது! உலகப்போரில் இப்பெட்டி இலகு டாங்கிகளிலும் பூட்டப்பெற்றது.

போர் முடிந்த பின் நிகழ்ந்ததுதான் நம் நண்பருக்குச் சொல்ல ஏற்றதாக எமக்குத் தோன்றியது. கை கால் இழந்து திரும்பிய அமெரிக்க வீரர் பல்லாயிரவர். கார் ஓட்டாமல் வேலைக்குச் செல்ல இயலாத நாடு அது. 1946 ஆகஸ்டில் அந்நாட்டுச் சட்டமன்றம், உறுப்பிழந்த வீரருக்குக் கார் வாங்க 1,600 டாலர் வரை அரசே தரும் என்று சட்டம் இயற்றிற்று. ஓல்ட்ஸ்மொபில் பிரிவினர் ஹைட்ராமேட்டிக்குடன் கையால் இயக்கும் தனிக் கருவிகளையும் பொருத்தி, 'வேலியன்ட்' என்னும் திட்டத்தின்கீழ் வண்டிகள் தந்தனர். அதாவது, செல்வர் வீட்டுச் சொகுசு என்று நம்மிற் பலர் ஏளனம் செய்யும் இப்பொருள், ஏழாண்டும் நிரம்பாமுன்னரே ஊனமுற்றோர்க்குக் காலாகிவிட்டது. இதனை நாம் படித்துக் காட்டியபோது நண்பர் யாதும் பேசவில்லை. "1946-லேயே செய்திருக்கிறார்களே" என்று மட்டும் சொன்னார்.

கியர்ப் பெட்டி மாற்றம் பற்றி மற்றொரு செய்தி. 1953 ஆகஸ்ட் 12-ஆம் நாள், மிச்சிகன் மாநிலம் லிவோனியாவிலிருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பல கம்பெனிக் கார்களுக்குக் கியர்ப் பெட்டி அங்கிருந்தே வரவேண்டும். கார்கள் முடிவுறாமல் நிற்க, காடிலாக்கிலும் ஓல்ட்ஸ்மொபிலிலும் பியூக்கின் டைனாஃப்ளோ பெட்டியையும், பாண்டியாக்கில் செவ்ரலேயின் பவர்கிளைடையும் பொருத்தி அனுப்பினர். வில்லோ ரன் என்னுமிடத்துப் பெருங்கட்டடத்தை அமர்த்திக்கொண்டு அவ்வாண்டிலேயே ஹைட்ராமேட்டிக் உற்பத்தியை மீண்டும் தொடங்கினர். ஒன்றன் பெட்டியை மற்றொன்றில் பூட்டுவது முறையன்று என்போர்க்கு, செய்த கம்பெனியே அவ்வாறு செய்த காலமும் உண்டு என்று கூறலாம். இன்றைய வண்டிகளில், எஞ்சின் கணிப்பொறியும் கியர்ப் பெட்டிக் கணிப்பொறியும் ஒன்றையொன்று அறிந்தாலன்றி ஓடமாட்டா. ஆகவே அந்த வழி இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

எண்ணெயைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இப்பெட்டிகளுக்கென்றே 1949-இல் 'டைப் ஏ' என்னும் எண்ணெய் வெளிவந்தது. தட்டுகள் வழுக்காமலும், அதேசமயம் வெட்டியிழுக்காமலும் பற்றுவதற்காக அதிற் கலந்த பொருள் யாது தெரியுமா? திமிங்கிலத்தின் எண்ணெய்! 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடைசெய்தபின் பொறியாளர் வேறு கலவை தேடி அல்லலுற்றனர். கடலுக்காகப் பிறந்த கருவிக்குக் கடல்வாழ் உயிரே பலியான இச்செய்தியை நாம் வியப்போடு படித்தோம். இன்றும் ஒரு பெட்டிக்கு உரிய எண்ணெய் மற்றொன்றிற்கு ஒவ்வாது. இரண்டும் சிவப்புத்தானே என்று ஊற்றினார் பலர் பின்னர் வருந்தியுள்ளனர்.

வேறு வழியில் வந்த வகைகளும் உண்டு. ஹாலந்து நாட்டு டாஃப் கம்பெனி 1958-இல் ரப்பர் பெல்ட்டினால் இயங்கும் பெட்டியைக் காரில் வைத்தது. பல்சக்கரமே இல்லாமல், விரிந்து சுருங்கும் கப்பிகளின்மேல் பெல்ட் ஏறியிறங்கும் முறை அது. நம் நாட்டில் 1984-இல் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தபோது அம்முறையே வீட்டு வாசலுக்கு வந்தது. பின்னர் வந்த ஆக்டிவாவும் அவ்வழியே. கியரில்லா வண்டி என்று அதனை நம் இல்லத்தரசியர் ஓட்டத் தொடங்கி நாற்பதாண்டு ஆகிறது; ஆட்டோமேட்டிக்கைக் கண்டு அஞ்சியவர் ஆடவர்தாம் போலும். ரப்பருக்குப் பதில் எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட் பின்னர்க் கார்களுக்கு வந்தது. அதனைச் செய்யும் ஹாலந்து நிறுவனத்தை 1995-இல் வாங்கியது வேறு யாருமன்று, நம் அடுகோடிப் பாஷின் தாய்க்கம்பெனியே. 2014-இல் மாருதி செலேரியோ, சாதாரணக் கியர்ப் பெட்டியின்மீதே தானியங்கிக் கைகளைப் பூட்டிக் குறைந்த விலைக்கு வந்தது. சில்க் போர்டு சந்திப்பில் அரைமணி நேரம் கிளட்ச் மிதித்த அன்பர்களுக்கு, அதன்பின் இவ்வண்டிகள் ஏன் பெருகின என்று விளக்க வேண்டுவதில்லை.

நண்பரின் வண்டி பழைய டார்க் கன்வெர்ட்டர் வகையைச் சேர்ந்தது. அதனைப் பிரிக்க முன்வந்தவர், ஓசூர் சாலையை ஒட்டிய சந்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் வாணியம்பாடிப் பாய் ஒருவர். அவர் பெட்டியைத் தொடுவதற்கு முன்னரே எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தார். செந்நிறமாக இருக்கவேண்டிய எண்ணெய், ரோஸ்மில்க் போல வெளிறிய நுரையாக இருந்தது. "சார், ரேடியேட்டர்ல என்ன ஊத்துனீங்க?" என்பதே அவர் முதல் வினா.

காரணம் அங்கேதான் இருந்தது. கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் எப்பொழுதும் சிறிது வழுக்கிக்கொண்டே சுழல்வதால் சூடேறும். அச்சூட்டைத் தணிக்க, எண்ணெயை ஒரு சிறு குழாய்வழியே எஞ்சின் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் அனுப்பி மீட்பர். ரேடியேட்டரில் உரிய குளிர்விப்பு நீர்மத்தை விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் வீட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றிவந்தார் நண்பர். அது குழாயை அரித்துத் துளையிட்டது. நீர் எண்ணெயிற் கலந்தது. பெட்டிக்குள் அடுக்கடுக்காக இருக்கும் கிளட்ச் தட்டுகளின்மேல் ஒட்டியிருப்பது ஒருவகைக் காகிதப் படலம். நீர் பட்டால் அதன் பசை விட்டுவிடும். பாய் பிரித்தெடுத்தபோது அப்படலம் ஊறிய தோசைமாவுத் தோல்போல விரலோடு வந்தது. பல்சக்கரங்களோ புதிதுபோல் ஒளிர்ந்தன. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல நடுச்சக்கரத்தைச் சுற்றும் அச்சிறு சக்கரங்களை அன்றுதான் நாம் முதன்முதலாகக் கண்டோம். மாற்ற வேண்டியது முழுப் பெட்டியையன்று, தட்டுகளையும் சீல்களையுந்தான்.

ஜே.சி. சாலைக் கடையொன்றின் வழியாகத் தட்டுகளும் சீல்களும் அடங்கிய கட்டு வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. வால்வுகள் அமைந்த தகட்டைப் பாய் தம் கையாலேயே துகள் துகளாகக் கழுவினார். மயிரளவு இழை ஒன்று சிக்கினாலும் கியர் தவறும் என்றார். டார்க் கன்வெர்ட்டரைப் பீனியாவில் ஒரு லேத்தில் அறுத்து, உள்ளே இருந்த சேற்றை நீக்கி, அதன் தட்டையும் மாற்றி, மீண்டும் வெல்டு செய்து சமன்பார்த்துக் கொணர்ந்தனர். ரேடியேட்டரை மட்டும் புதிதாகவே போடவேண்டும் என்று பாய் பிடிவாதம் செய்தார். பழையதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நாம் சொன்ன ஆலோசனை எடுபடவில்லை, நல்லவேளை. பெட்டி ஏறியபின், புதுத் தட்டுகளின் பிடிப்பைக் கணிப்பொறி அறிந்துகொள்ளும்படி, பாயின் மகன் ஒரு கருவியை மாட்டி, ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெறிச்சோடிய சாலையில் மெல்லவும் விரைந்தும் ஓட்டிப் பழக்கினான்.

மொத்தச் செலவு, முதலில் எழுதிக்கொடுத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். நண்பர் இப்போது டிக்கியில் பச்சை நிற நீர்மக் கேன் ஒன்று வைத்திருக்கிறார். அதனருகில் தண்ணீர்ப் பாட்டில் வைத்த அவர் மகன் சென்ற வாரம் நன்றாக வசை வாங்கினான்.