கடலில் எழுந்த நிலையம்

மட்டாஞ்சேரித் தமிழர் சொந்த ஊர் செல்லும் பிரயாணம் ஒரு காலத்தில் படகிலேதான் தொடங்கிற்று. 1902-ஆம் ஆண்டு ஷொரணூரிலிருந்து வந்த இருப்புப்பாதை, காயலின் மறுகரையான எர்ணாகுளத்தோடு நின்றுவிட்டது. அதற்கே கொச்சி மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை ஆலயத்தின் பொன் முகபடாம்களை விற்க நேர்ந்தது என்பர். யானை அணிந்த பொன் தண்டவாளமாயிற்று! 1925-இல் வைக்கம் செல்லும் வழியில் காந்தியடிகள் வந்திறங்கியதும் அந்தப் பழைய நிலையத்திலேதான்.

மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் மிளகும் சுக்கும் வள்ளத்தில் காயலைக் கடந்த பின்னரே வண்டியேறும். இத்தொல்லை தீர்ந்த விதம் வியப்புக்குரியது. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல் வழிக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினார். பாலம் அமைந்தது, 1940-களில் கொச்சித் துறைமுக நிலையம் செயற்படலாயிற்று. சென்னையிலிருந்து கொச்சி எக்ஸ்பிரஸில் வந்த நம்மவர் அங்கே இறங்கி, பாலங் கடந்தோ படகேறியோ மட்டாஞ்சேரி சேர்ந்தனர்.

பிற்காலத்தில் வண்டிகள் எர்ணாகுளத்தோடு நின்றன. 2018-இல் தீவுக்கு மீண்டும் விட்ட சிறு வண்டியும் நிலைக்கவில்லை. இத்தனை பாடுபட்டு வரவழைத்த வண்டியை இவ்வளவு எளிதில் கைவிட்டது நமக்கு உவப்பாயில்லை.