குடமும் கடையாணியும்

வண்டிச் சக்கரத்தின் நடுவே, ஆரக்கால்கள் வந்து கூடும் உருண்டைக் கட்டையைக் குடம் என்பது தமிழ் வழக்கு. ஆரக்கால்களின் புறத்தே வளைந்து நிற்கும் மரம் வட்டை. குடத்தின் துளையில் நுழைவது இருசு. சக்கரம் கழன்றோடாதபடி இருசின் முனையில் செருகப்படுவது கடையாணி. உருவிற் சிறியாரை இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் 667ஆம் குறளில் சான்றாகக் கொண்டதும் பெருந்தேரின் அச்சாணியையே. சிங்கப்பூரின் சாலைகளோடு சேர்த்து எண்ணத்தக்க சொற்கள் இவை.

சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர் 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தக் கைதி முறை 1873இல் முடிவுற்றது. அதற்குள் சாலைகளும் பாலங்களும் தூய ஆண்டிரூஸ் தேவாலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தன. சிறைப் பட்டறைகளில் கொல்லு வேலையும் தச்சு வேலையும் பயிற்றப்பட்டதனை மெக்நேர் 1899இல் வெளியான தம் நூலில் விரித்துரைக்கிறார். சிராங்கூன் சாலையை ஒட்டிச் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. தமிழர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். மாட்டு வணிகம் அங்கே தழைத்ததற்குப் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் இன்றும் சான்று. மாட்டு வண்டியே அக்காலத்தின் பாரவண்டி.

அவ்வண்டியின் சக்கரம் தீயை அறிந்தவர் செய்த பொருள். இரும்புப் பட்டையை வட்டையின் சுற்றளவைவிடச் சற்றே குறைத்து வளைப்பர். தீயிலிட்டுக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் பொருத்தித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, வட்டை, ஆரக்கால், குடம் மூன்றையும் இறுகப் பிணைக்கும். குடம் தேயாமல் உருள, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்த மையை இருசில் இடுவர்.

பின்னர் எந்திரங்கள் வந்தன. மின்சார டிராம் 1905 முதல் 1927 வரை ஓடியது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் பெருங்கப்பல் துறை 1938இல் திறக்கப்பட்டது. நகராட்சியிலும் துறைமுகத்திலும் அத்தளத்திலும் தமிழர் பலர் உழைத்தனர். குடம் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியதோடு புதியதோர் இடரும் உடன்வந்தது. நெடுநாள் கிடந்த சாலை உருளை, பளுதூக்கி முதலியவற்றில் குடம் அச்சோடு ஒட்டிக்கொண்டு கழல மறுக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதே காரணம். ஈரமும் உப்புக்காற்றும் சூழ்ந்த தீவில் இது விரைந்து நேரும்.

அதனைக் கழற்றும் முறையும் பழைய தீயின் முறையே. எந்திரத்தைக் கட்டைகளின்மேல் அசையாமல் நிறுத்தி, துருவிளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, மரையைத் தளர்த்துவர். மரையை முற்றும் எடுத்துவிடாமல் சில சுற்று விட்டுவைப்பர். இல்லையேல் விடுபடும் குடம் தெறித்து ஆளைத் தாக்கும். இழுவைக் கருவியைப் பூட்டி இறுக்கியபின் குடத்தை மட்டும் சூடேற்றுவர். 100 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் குடம் 100 பாகை சூடேறினால் துளை ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் விரியும். மயிரிழையளவான அவ்விடைவெளியே போதும். காற்றடைத்த டயர் பூட்டியிருக்கையில் சூடு காட்டலாகாது. டயர் வெடித்து உயிரைக் கொள்ளும். அச்சின் முனையைச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பவர் முனையைப் பரப்பி, வெளிவரவேண்டிய குடத்தைத் தாமே பூட்டியவராவர். பட்டை பூட்டியவர் தீயைக் கொண்டு இறுக்கினர். குடம் கழற்றுபவர் அதே தீயைக் கொண்டு நெகிழ்த்துகின்றனர். இரண்டுக்கும் பொறுமையே முதல்.

குடத்திற்குக் குறடு என்னும் பழம்பெயரும் உண்டு. அச்சொல்லே பற்றி இழுக்கும் கருவிக்கும் பெயராய் வழங்குகிறது. இவ்வளவு சொல்வளம் இருந்தும், இன்றைய பட்டறையில் ‘ஹப்’ என்பதே கேட்கிறது. பழைய கருவிகள் விலைபோன சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. கருவி கண்ணிலிருந்து மறையும்போது அதன் பெயர் நாவிலிருந்து மறைதல் இயல்பு. பெயரும் மறைந்தபின் மாணவர்க்கு அச்சாணி என்பது உரையாசிரியர் விளக்கும் அருஞ்சொல்லாகவே எஞ்சும். 667ஆம் குறளைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சக்கரம் வரைந்து, குடம், ஆரக்கால், வட்டை, இருசு, கடையாணி என உறுப்புகளைப் பெயரிட்டுக் காட்டுவாராயின், குறளும் விளங்கும். சாலை அமைத்தோரின் மொழியும் பிழைக்கும்.