வார்த்தைப்பாடு இல்லாத துறவிகள்: முந்தல் கரையில் ஓரட்டோரியன் ஒழுங்கு

புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தில், கடலுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் முந்தல் வாவியைச் சுற்றியுள்ள நிலப்பகுதி, இலங்கையின் சமய வரலாற்றில் பெரும்பாலும் ஒரு கடவைப் பாதையாகவே குறிப்பிடப்படுகிறது. வடக்கே மன்னாரிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் தெற்கே நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் செல்வோர் இவ்வழியே நடந்தனர். பின்னர் ஒல்லாந்தர் காலத்தில் புத்தளம் வாவியையும் முந்தல் வாவியையும் தெற்கிலுள்ள நீர்நிலைகளோடு இணைத்த கால்வாயும் இதே கோட்டில்தான் அமைந்தது. ஆயினும் 17ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஏறத்தாழ 150 ஆண்டுக்காலம், இக்கரையில் ஒரு துறவுச் சமூகம் மடம் என்ற கட்டடமே இல்லாமல் தன் ஒழுங்கைக் கடைப்பிடிக்க முயன்றது என்பதும், அந்த முயற்சியின் பெரும்பகுதி குருக்களின் கையிலிருந்து மீனவச் சிற்றூர்களின் கைக்கு மாறியது என்பதும், கூட்டுத் துறவு வாழ்வின் வரலாற்றை ஆராய்வோர் நின்று கவனிக்க வேண்டிய செய்திகளாகும்.

அந்தச் சமூகம் ஓரட்டோரியன் சபை எனப்பட்டது. உரோமையில் வாழ்ந்த பிலிப்பு நேரி (1515–1595) என்னும் குரு, இறைவேண்டலுக்கும் உரையாடலுக்குமாகத் தம் அறையில் கூட்டிய சிறு குழுவிலிருந்து வளர்ந்த இச்சபையைத் திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1575இல் அங்கீகரித்தார். கத்தோலிக்கத் துறவிகள் பொதுவாக ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் வாழ்நாள் முழுவதும் காப்பதாக இறைவன் முன் சொல்லும் உறுதிமொழிக்கு வார்த்தைப்பாடு என்று பெயர். நேரி தம் சபையில் இந்த வார்த்தைப்பாட்டையே வேண்டாம் என்று வைத்தார். ஓரட்டோரியர் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர், ஒரே மேசையில் உண்டனர், தலைவரின் சொல்லுக்கு இணங்கினர். எனினும் அவர்களைச் சேர்த்துவைத்தது அன்பு மட்டுமே என்றும், எவரும் எப்போதும் விலகிச் செல்லலாம் என்றும் சபையின் அமைப்பே கூறியது. இந்தச் சுதந்திரத்தைக் கண்டு அதைத் தளர்ந்த வாழ்க்கை என்று கருதிவிடக் கூடாது. மாலைதோறும் அரைமணி நேர மௌன தியானமும், மன்றாட்டு மாலையும், வாரத்தில் குறித்த நாள்களில் தம்மைத்தாமே கசையால் அடித்துக்கொள்ளும் ஒறுத்தல் முயற்சியும், குற்றங்களைச் சகோதரர் முன்னிலையில் அறிக்கையிடும் வழக்கமும் அவ்வில்லங்களில் இருந்தன. கட்டாயமில்லாத இடத்தில் ஒழுங்கு உறுதியாக நிற்க வேண்டுமாயின் அது நாள்தோறும் புதிதாக ஏற்கப்பட வேண்டும் என்பதே நேரியின் இலட்சியமாக இருந்தது. துறவு வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான எண்ணங்கள் அதிகமில்லை.

இந்த இலட்சியம் ஆசியாவுக்கு வந்த வழி சிக்கலானது. போர்த்துக்கேய கோவாவில் பிரான்சிஸ்கு சபையார், சாமிநாதர் சபையார், இயேசு சபையார் ஆகிய பெரிய துறவு சபைகள் மண்ணின் மைந்தரைத் தம் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதைப் பொதுவாகத் தவிர்த்தன. கொங்கணியரான குருக்கள் பலர் கல்வியும் பக்தியும் உடையவராயிருந்தும், கூட்டு வாழ்வுக்கான கதவு அவர்களுக்கு அடைபட்டே கிடந்தது. ஆகவே அத்தகைய குருக்கள் சிலர் 1680களின் தொடக்கத்தில் பழைய கோவாவில் தாங்களாகவே சேர்ந்து வாழத் தொடங்கினர். பெனாவுலிமில் வளர்ந்து, கன்னடக் கரையில் மறைப்பணி செய்து திரும்பியிருந்த யோசப் வாஸ் அடிகளார் (1651–1711) 1685 செப்டெம்பரில் அவர்களோடு இணைந்து, விரைவிலேயே தலைவராகி, பர்த்தொலொமேயு தோ கெந்தால் என்பவர் லிஸ்பனில் நிறுவியிருந்த ஓரட்டோரியன் இல்லத்தின் ஒழுங்குமுறையைத் தம் குழுவுக்கு ஏற்றார். ஐரோப்பியரின் தலைமையின்றி ஆசியக் குருக்கள் தாங்களே அமைத்துத் தாங்களே நடத்திய சபையாக அது உருவெடுத்தது. எனினும், இன வேற்றுமையின் பேரால் புறந்தள்ளப்பட்ட அக்குருக்கள், தம் சபையில் பிராமண குலத்தில் பிறந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டனர். சார்தோ என்னும் மற்றொரு உயர்சாதியைச் சேர்ந்த குருக்கள் இதனால் சிம்பெல் என்ற இடத்தில் கார்மேல் சபையின் ஒழுங்கைத் தழுவித் தனியே கூட வேண்டியதாயிற்று. நேரியின் ஒழுங்கு நூலில் எங்கும் எழுதப்படாத இந்த ஒரே விதி, எழுதப்பட்ட விதிகள் அனைத்தையும்விடக் கடுமையாகக் காக்கப்பட்டது என்பதையும், அதன் விளைவு இலங்கைக் கரையில் எவ்வளவு தூரம் சென்றது என்பதையும் பின்னர் காணலாம்.

இலங்கையின் கரையோரம் 1658இல் ஒல்லாந்தர் வசமான பின்னர், கத்தோலிக்கக் குருக்கள் நாட்டுக்குள் இருப்பது தடைசெய்யப்பட்டது. அவர்களுக்குப் புகலிடம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. குருவே இல்லாமல் ஒரு தலைமுறை கழிந்த நிலையில், 1686இல் வாஸ் அடிகளார் தலைமைப் பொறுப்பைக் கைவிட்டு, யோவான் என்னும் ஒரே பணியாளரோடு கோவாவிலிருந்து புறப்பட்டார். தூத்துக்குடியிலிருந்து தோணியேறி 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்த அவர், பிச்சைக்காரரின் கோலத்தில் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்தே கத்தோலிக்கர் யார் என அறிந்துகொண்டார். 1689 கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் நடத்திய சுற்றிவளைப்புக்குப் பின், 1690இல் அவர் புத்தளத்துக்கு வந்தார். கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தரிடம் இருந்தபோதிலும், புத்தளமும் சிலாபமும் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட துறைகளாக இருந்தமையால், வாவியின் ஒரு கரையில் குற்றவாளியாகக் கருதப்பட்டவர் மறு கரையில் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்ற முடிந்தது. முந்தல் வழியாகச் செல்லும் பாதை இதனால் ஓரளவு பாதுகாப்பான பாதையாயிற்று. 1692இல் கண்டிக்குச் சென்ற வாஸ், போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். பின்னர் விடுதலையாகி, 1697இல் பரவிய அம்மை நோயின்போது கைவிடப்பட்ட நோயாளருக்குத் தொண்டு செய்து, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நன்மதிப்பைப் பெற்றார்.

கூட்டு வாழ்வுக்கென வகுக்கப்பட்ட ஒழுங்கு, கூடி வாழவே இயலாத நாட்டில் எவ்வாறு நின்றது என்பதே இங்கு எழும் மையக் கேள்வி. இலங்கையில் எந்தக் காலத்திலும் ஓரட்டோரியர் ஒருசிலராகவே இருந்தனர். ஒவ்வொருவருக்கும் பல நாள் நடைத்தொலைவு கொண்ட பரப்பு ஒதுக்கப்பட்டது. பொது மேசையும் மாலைநேரக் கூட்டுத் தியானமும் சகோதரர் முன்னிலையில் செய்யும் குற்ற அறிக்கையும் இவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதியில் கிட்டாதவை. ஆனால் வார்த்தைப்பாடு இல்லாத சபையில், ஒரு குருவை இத்தகைய ஆபத்தான பணிக்கு வற்புறுத்தி அனுப்பும் அதிகாரமும் உறுதியானதாக இருக்கவில்லை. வந்தவர் மனமுவந்தே வந்தனர். இதனால்தான், சுவர்களும் மணியோசையும் இல்லாத இடத்திலும் அவர்களின் ஒழுக்கம் சிதையவில்லை என்று கொள்வது பொருந்தும். நேரியின் இலட்சியத்துக்கு உரோமையின் பளிங்குக் கூடங்களைவிட உவர்நீர்க் கரையின் இந்த ஒற்றையடிப் பாதையே கடினமான சோதனையாக அமைந்தது; அச்சோதனையில் அது தோற்கவில்லை.

இருந்தும், ஆண்டில் ஓரிரு முறையே குருவைக் காணும் ஊருக்கு, குருவின் ஒழுக்கம் மட்டும் போதுமானதன்று. எனவே ஒழுங்கின் பெரும்பகுதி ஊராரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு கத்தோலிக்கச் சிற்றூரிலும் மூப்பர் என்னும் பொதுநிலைத் தலைவர் இருந்தார். குரு வரும் செய்தியை அறிவிப்பது, சாகும் நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிணக்குகளைத் தீர்ப்பது, ஊரின் நடத்தையைக் குருவிடம் எடுத்துரைப்பது ஆகியன அவர் கடமைகள். செபங்களை முன்னின்று சொல்பவரும், ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வியைச் சிறுவருக்குக் கற்பிப்பவரும் அண்ணாவியார் எனப்பட்டார். கோயிலின் உடைமைகளைக் காப்பவர் சங்கிலித்தாம் என்று அழைக்கப்பட்டார். 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் பொலவத்தையில் காலமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்த நூல்கள் இவர்களுக்காகவே ஆக்கப்பட்டவை. அச்சகம் ஒல்லாந்தரிடம் இருந்தமையால், அந்நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகச் சென்றன. குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அண்ணாவியார் வாசிக்க, ஊரார் கேட்டனர். கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கும் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஓதப்படும் வழக்கம் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நிலைத்தது.

இவ்வாறு மடத்தின் நாளொழுங்கு ஊரின் நாளொழுங்காக மாறியது. மாலையில் வீடுதோறும் செபமாலை, வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கல், தவக்காலத்தில் கூட்டு ஒறுத்தல், பிழை செய்தவருக்குக் கோயில் முன்றலில் பொதுத் தண்டனை என்று, துறவிகள் தமக்குள் விரும்பி ஏற்ற நடைமுறைகளை ஒத்தவை மணமானவர்களும் மீன்பிடிப்பவர்களும் தென்னை வளர்ப்பவர்களுமான மக்களிடையே வேரூன்றின. மேற்குக் கரையின் மீனவ ஊர்களில் பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு உரியதாக்கப்பட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. துறவி விரும்பி நுழைந்தார், விரும்பினால் விலகவும் செய்யலாம். ஊரில் பிறந்தவருக்கு அந்த வாயில் இல்லை. அன்பினால் ஏற்கப்பட வேண்டிய ஒழுங்கு, பிறப்பினால் விதிக்கப்படும் ஒழுங்கானபோது, மூப்பரின் சொல் சில இடங்களில் குருவின் சொல்லைவிடக் கடுமையாயிற்று.

இதே முந்தல் பகுதியில், இல்லறத்தார் துறவு ஒழுங்கை எவ்வாறு ஏற்பது என்னும் கேள்விக்கு உடப்பு என்னும் தமிழ் இந்து மீனவ ஊர் வேறொரு விடையை வைத்திருக்கிறது. அங்குள்ள திரௌபதையம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தையொட்டி நிகழும் விழா, பாரதக் கதையின் நிகழ்வுகளை நாள்தோறும் சடங்காக நடத்தித் தீமிதிப்பில் நிறைவுறுகிறது. திரௌபதை வழிபாட்டில் பொதுவாகக் காணப்படுவதுபோல், காப்புக் கட்டியவர், அதாவது மஞ்சள் தோய்த்த நூலை மணிக்கட்டில் அணிந்து விரதம் பூண்டவர், மச்சத்தையும் இல்லற உறவையும் விலக்கி, மடத்துத் துறவிக்கு இணையான கட்டுப்பாட்டில் வாழ்கிறார். ஆனால் காப்பு அவிழ்ந்ததும் அவர் மீண்டும் கடலுக்குச் செல்லும் இல்லறத்தாராகிறார். மிகக் கடுமையான விதியை மிகக் குறுகிய காலத்துக்கு எல்லோருக்கும் பொதுவாக்கும் இந்த முறை, வாழ்நாள் முழுவதும் சிலரை மட்டும் பிணைக்கும் மேற்கத்திய மடத்து மரபுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று; மனித இயல்பை அது நன்கு அளந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஓரட்டோரியன் பணியின் வீழ்ச்சிக்குப் புறக் காரணங்கள் பல உண்டு. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்க மன்னரின் காலத்தில் கண்டி அரசு குருக்களை வெளியேற்றியது. 1766 உடன்படிக்கையால் புத்தளம், சிலாபம் உட்படக் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தரின் கைக்கு வந்தது. எனினும் ஒல்லாந்தரின் கடுமை அதற்குள் தளர்ந்திருந்தது. 1806இல் பிரித்தானிய ஆளுநர் மெய்ற்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். ஆகவே பணியை அழித்தது துன்புறுத்தல் அன்று. போர்த்துக்கல் துறவு சபைகளைக் கலைத்ததன் தொடர்ச்சியாக 1835இல் கோவா இல்லம் மூடப்பட்டபோது, இலங்கைக்கு ஓரட்டோரியர் வரும் ஊற்று வற்றிப்போயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளாக ஓலைகளைப் படித்தும், மரணப் படுக்கைகளில் செபித்தும், ஊரைக் கட்டிக்காத்தும் வந்த மூப்பர், அண்ணாவியார் குடும்பங்களிலிருந்து ஓரட்டோரியர் தமக்கு வாரிசுகளை உருவாக்கியிருக்கவில்லை. ஒல்லாந்தர் தடையும் பயிற்சிக்கான வசதியின்மையும் இதற்குக் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் கோவாவிலேயே பிற சாதியாருக்குத் திறக்காத கதவு, கரையார், பரவர் என்னும் மீனவச் சாதியாருக்குத் திறந்திருக்கும் என எதிர்பார்க்க இடமில்லை. உயிரைப் பணயம் வைத்து இம்மக்களுக்காக உழைத்த அதே குருக்கள், அவர்களைத் தம் மேசையில் சகோதரராக அமர்த்தும் எண்ணத்துக்கு வரவில்லை என்பது இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி.

1847இல் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த ஐரோப்பியக் குருக்கள் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் கண்டது குருவுக்குக் காத்திருந்த அநாதை மந்தையை அன்று. தன் கோயிலைத் தானே ஆண்டு பழகிய சமூகத்தை. கோயில் திறப்பு யார் கையில் இருப்பது, உண்டியல் பணத்தை யார் எண்ணுவது, திருவிழாவை யார் நடத்துவது என்பவை பற்றி நீண்ட பூசல்கள் எழுந்தன. கோவாக் குருக்களே தமக்கு உரியவர்கள் என்று பல ஊர்கள் நின்றன. இலங்கைக் கோயில்கள் மீது கோவாவுக்கு இருந்த உரிமையை நீக்க வழிசெய்து, 1886இல் திருத்தந்தைக்கும் போர்த்துக்கல்லுக்கும் இடையில் ஏற்பட்ட உடன்பாட்டை ஏற்காத பிரிவினர், 1889இல் கொழும்பில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கோவாக் குருவான அல்வாரெஸ் என்பவரின் தலைமையில் தனிச் சபையாகவே பிரிந்தனர். அப்பிரிவு பெரும்பாலும் மன்னார்ப் பகுதியிலும் நீர்கொழும்பை அடுத்த துவையிலும் வேரூன்றிச் சில பத்தாண்டுகளுக்குப் பின் தேய்ந்தது.

இலங்கையருக்கு என்றே அமைந்த கடுந்துறவு இல்லம் முந்தல் கரையில் தோன்றவில்லை. அது வடக்கே தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தோமஸ் அடிகளார் (1886–1964), அமலமரித் தியாகிகள் சபையின் உறுப்பினராக இருந்தபடியே, 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனம், புலால் மறுப்பு, நிலத்தில் உழைத்தல், நற்கருணை முன் இடையறாத செபமாலை ஆகியன அதன் ஒழுங்காயின. ஓரட்டோரியரின் ஒழுங்கைவிட இது பன்மடங்கு கடுமையானது. ஆயினும் அதில் நுழைந்தோர் இந்நாட்டின் ஊர்களிலிருந்தே வந்தனர். கடல் கடந்த வேறொரு இல்லம் மூடப்பட்டால் அறுந்துபோகும் கொடியாக அது இருக்கவில்லை. அவர்கள் திராட்சையிலிருந்து வடிக்கும் இரசமும், நெல்லிச்சாறும் யாழ்ப்பாணக் கடைகளில் இன்றும் அவ்வில்லத்தின் பெயராலேயே கேட்டு வாங்கப்படுகின்றன.