திண்ணைப் பள்ளியின் நாளும் விழாவும்

விசயதசமி நாளன்று, பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் வீடுகளிலும் ஒரு காட்சி தவறுவதில்லை. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் பிஞ்சு விரலைப் பிடித்து ‘அ’ எனும் எழுத்தை எழுத வைக்கிறோம். சிறிது சர்க்கரைப் பொங்கல், சிறிது மகிழ்ச்சி, ஒரு நிழற்படம். அத்துடன் விழா முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை அக்குழந்தை செல்வது வேற்றுமொழி பேசும் பள்ளிக்கு.

அந்த அரிசித் தட்டு ஒரு பெரிய மரபின் எஞ்சிய துண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? ஒரு காலத்தில் அது ஒரு வீட்டின் சடங்காக மட்டும் இருந்ததில்லை. ஓர் ஊரே தன் பள்ளியோடு கூடிக் கொண்டாடிய விழாவின் தலைவாயிலாக இருந்தது. அப்பள்ளியே திண்ணைப் பள்ளிக்கூடம். அதன் அன்றாட நடைமுறையையும், அது கொண்டாடிய விழாவையும், அவ்விழா எட்டாத இடங்களையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

ஊருக்கு ஒரு திண்ணை

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமசு மன்றோ, 1822-ஆம் ஆண்டு சூன் திங்களில், மாகாணத்தின் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விடைகளைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களும் சேர்ந்து 12,498 எனக் காண்கிறது. மாகாணத்தின் மக்கள்தொகை அன்று ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம். ஆகவே ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவர் கணித்தார். இந்த ஆவணங்களைத் திரட்டித் தரம்பால் அவர்கள் 1983-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட பின்னரே, நம் நாட்டுக் கல்வியைப் பற்றிய பழைய மதிப்பீடுகள் பலவற்றை அறிஞர்கள் மீண்டும் ஆராயத் தலைப்பட்டனர்.

இப்பள்ளிகளுள் மிகப் பலவற்றுக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையோ, கோயில் மண்டபமோ, சாவடியோ போதுமானதாக இருந்தது. தெருவில் போவோர் வருவோர் அனைவரும் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டே சென்றனர். பள்ளி ஊரின் காதில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது.

விடியற்காலை முதல் அந்தி வரை

திண்ணைப் பள்ளியின் நாள் கதிரவன் எழுமுன்பே தொடங்கிவிடும். எல்லாருக்கும் முன்னதாக வந்து சேரும் பிள்ளைக்கு ‘வேத்தான்’ என்று பெயர். பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த கேம்பல், 1823-ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் ‘சரசுவதி’ என்று எழுதிச் சிறப்பிப்பர். இரண்டாமவன் கையில் சுழியம் இடுவர். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று; நான்காமவனுக்கு இரண்டு; அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடுதல். பெல்லாரி தமிழ் நிலம் அன்று. ஆயினும் முந்தி வந்தவனுக்குப் பெருமையும் பிந்தி வந்தவனுக்குப் பிரம்பும் என்னும் முறை தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கும் பொதுவானதே.

தொடக்கநிலைப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினர். எழுதுவதும், எழுதும்போதே உரக்கச் சொல்வதும், பின்னர் அழிப்பதும், மீண்டும் எழுதுவதுமாகப் பாடம் நடந்தது. கண்ணும் கையும் நாவும் செவியும் ஒருங்கே எழுத்தைப் பற்றிக்கொண்டன. விரல் பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறிய எழுத்து விளங்கித் தோன்ற மஞ்சளும் மையும் தடவுவர். ஏடுகளைக் கயிற்றுத் தூக்கில் கட்டிப் பிள்ளைகள் சுமந்து வந்தனர்.

எழுத்துக்குப் பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்கள், அவற்றுடன் எண்சுவடி. நம் முன்னோர் கணக்கில் காட்டிய நுட்பத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். ஒன்றை 320 கூறாக்கினால் அதில் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. அஃதாவது ஒன்றில் 80-இல் ஒரு பங்கு. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா கால். நெல்லை அளக்கவும் நிலத்தை அளக்கவும் பொன்னை நிறுக்கவும் வேண்டிய இப்பின்னங்களைப் பத்து வயதுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள். களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் மறுநாளே பயன்படும் கல்வி அது.

அந்தி சாயும் வேளையில் பள்ளி கலையும் முறை இன்னும் இனியது. சூரியமூலையில் 1855-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக் கல்வியை விரித்துரைத்துள்ளார். வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு பூவின் பெயரையும், ஒரு பறவையின் பெயரையும், ஒரு விலங்கின் பெயரையும், ஓர் ஊரின் பெயரையும் சொல்லி அனுப்புவார். அவற்றை மறவாது மறுநாள் வந்து சொல்ல வேண்டும். உணவருந்தும்போதும் உறங்கப் போகும்போதும் அப்பெயர்கள் பிள்ளையின் நாவில் புரண்டுகொண்டிருக்கும். நினைவாற்றலுக்குப் பயிற்சியாகவும், தான் வாழும் மண்ணைப் பெயர் சொல்லி அறியும் வழியாகவும் இம்முறை அமைந்தது.

ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல நிலையினர். ஆதலின் முதிர்ந்த மாணவன் ஒருவன் ‘சட்டாம்பிள்ளை’யாக நின்று இளையோர்க்குக் கற்பித்தான். கற்பிப்பவனும் அதனால் தன் பாடத்தை உறுதி செய்துகொண்டான். சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789-ஆம் ஆண்டு முதல் மேற்பார்வை செய்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் இல்லத்தில் புகுத்தி, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று அது இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுச் சென்ற பொருளால் 1833-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளி, இன்றும் சென்னையின் பழைய ஆங்கிலப் பெயரையே தாங்கி நிற்கிறது.

தெருவெல்லாம் கோலாட்டம்

இனி விழாவுக்கு வருவோம். திண்ணைப் பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை இல்லை. உவா நாள்களாகிய அமாவாசையும் முழுநிலவும் ஒட்டியே ஓய்வு அமைந்தது. ஆண்டின் பெருவிழா நவராத்திரி. ஏடுகளை அடுக்கி, எழுத்தாணியை வைத்து, சரசுவதி பூசை நிகழும். மறுநாள் விசயதசமி. புதிய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நாள் அதுவே.

நவராத்திரி நாள்களில் பிள்ளைகள் நல்லாடை உடுத்து, கையில் கோல்களுடன் ஆசிரியரை முன்னிட்டுத் தெருத்தெருவாகப் புறப்படுவர். ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் கோலாட்டம் அடித்து, தாம் கற்ற பாடல்களைப் பாடி, அவ்வீட்டாரை வாழ்த்துவர். வீட்டார் தம்மால் இயன்ற பணமோ பிறவோ அளிப்பர். அது ஆசிரியரைச் சேரும்.

இதை வெறும் விளையாட்டாகக் கருதுதல் கூடாது. ஆசிரியர்களின் வருவாய் திங்களுக்கு ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படுவது அரிது என்று மன்றோ தம் குறிப்பில் வருந்துகிறார். மாணவர் தரும் சிறு காசும் தானியமுமே அவர்களின் வாழ்வு. எனவே நவராத்திரி ஊர்வலம் ஆசிரியரின் ஆண்டு வருவாயில் ஒரு பகுதி. அத்துடன் அது ஒரு பொதுத்தேர்வும் ஆகும். தன் பிள்ளை என்ன கற்றான் என்பதைத் தாயும் தந்தையும் வாயிலில் நின்று கேட்டறிந்தனர். ஊர் கேட்டது, ஊர் மகிழ்ந்தது, ஊரே ஆசிரியருக்கு ஊதியமும் தந்தது.

கோலாட்டம் நுழையாத தெரு

இத்தகைய அழகிய காட்சியோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது வரலாறு ஆகாது. அந்த ஊர்வலம் எல்லாத் தெருக்களுக்கும் சென்றதா என்னும் வினாவை நாம் எழுப்பியே ஆக வேண்டும்.

மன்றோ காலத்துக் கணக்கின்படி, தமிழ் மாவட்டங்களில் பிராமணர் அல்லாத குடிகளின் பிள்ளைகளே பள்ளிகளில் மிகுதியாகப் பயின்றனர். இது பலருக்கு வியப்பளிக்கும் உண்மை. ஆயினும் தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை. பெண்மக்களும் மிகச் சிலரே. தெருவில் போவோர் காதில் பாடம் விழும் என்றோம். அத்தெருவில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவர்க்கு அந்த ஒலியும் எட்டவில்லை. திண்ணையில் இருந்த பிள்ளைக்கும் இன்பம் மட்டுமே வாய்த்தது என்று சொல்வதற்கில்லை. உத்தரத்துக் கயிற்றில் கைகளைப் பிணைத்துத் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்னும் தண்டனையை நினைந்து அஞ்சி ஒளிந்த சிறுவர் எத்தனை பேரோ!

திண்ணை, கூடமாக மாறியது

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமயப் பரப்பாளர் பள்ளிகளும், ஊராட்சிப் பள்ளிகளும், அரசின் நிதியுதவி பெறும் பள்ளிகளும் பெருகின. மணலுக்கு மாற்றாகக் கற்பலகை வந்தது. ஓலைக்கு மாற்றாக அச்சுப் புத்தகம் வந்தது. கோலாட்ட ஊர்வலத்தின் இடத்தை ஆய்வாளர் வருகை பிடித்துக்கொண்டது. பள்ளியை மெழுகிக் கோலமிட்டு, தோரணம் கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி நிறுத்தி அவரை எதிர்கொண்டனர். மதிப்பிடும் உரிமை ஊரிடமிருந்து அலுவலகத்துக்கு மாறியது. இஃது ஓர் இழப்பே.

ஆயினும் அதே மாற்றம் அடைபட்ட கதவுகளையும் திறந்தது. கர்னல் ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் அடையாற்றில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920-ஆம் ஆண்டில் மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பெற்றது. அதே ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்க முடிவு செய்தது. சில ஆண்டுகளில் அம்முயற்சி நின்றுபோயினும் அதன் வித்து அழியவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக அது விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ணும் பிள்ளைகளைக் காணும்போது, திண்ணைப் பள்ளி நடத்தத் தவறிய விழா நாள்தோறும் நடப்பதாகவே தோன்றுகிறது. விடுதலை நாளும் குடியரசு நாளும் கொடியேற்றி மிட்டாய் வழங்கும் சிற்றூர்ப் பள்ளியின் விழாக்களில், எந்தத் தெருப் பிள்ளையும் வெளியே நிற்க வேண்டியதில்லை. பழைய விழாவினும் இதன் பெருமை ஒரு படி மேலானது.

புலம்பெயர்ந்தோர் கையில்

நம் மக்கள் பிழைப்பு நாடி வடபுலம் சென்றபோதும் பள்ளியை மறந்தாரல்லர். அரசு அலுவலர்கள் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக இடம்பெயர்ந்த காலத்தில், அவர்களின் பிள்ளைகளுக்காக 1923-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பள்ளியும் அவர்களுடனே மலையேறி இறங்கியது. அதுவே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகத் தழைத்தது. பம்பாயின் மாதுங்காவில் 1932-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. திண்ணை இல்லாத நகரங்களில் திண்ணையைத் தாமே அமைத்துக்கொண்டனர் நம் முன்னோர்.

அவர்களின் வழிவந்த நம்முன் இன்று இரண்டு கடமைகள் உள்ளன. முதலாவது எளியது. உறங்கப் போகும் பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு, ஓர் ஊர் எனத் தமிழ்ப் பெயர் நான்கினைச் சொல்லி, மறுநாள் காலையில் கேட்போம். இதற்குக் கட்டடமும் வேண்டா, கட்டணமும் வேண்டா. ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அப்பிள்ளையின் உடைமையாகும்.

இரண்டாவது சற்று அரியது. நாம் வாழும் இதே நகரில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. நம் சங்க மண்டபத்தில் அரிசித் தட்டு வைக்கும் விசயதசமி நாளில் அவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? கோலாட்டம் நுழையாத தெரு அந்நாளில் மட்டுமே இருந்ததென்று எண்ணி நாம் அமைதியுறலாகாது. அடுத்த விசயதசமிக்கு அத்தெருவுக்கும் சென்று அழைப்போம். தாம்பாளத்தில் இன்னும் ஒரு படி அரிசி பரப்பினால் போதும்; இன்னும் பல விரல்கள் எழுத இடம் கிடைக்கும்.