நார்கொண்டம்

அந்தமான் கடலில், முக்கியத் தீவுக்கூட்டத்துக்குக் கிழக்கே தனித்து நிற்கும் எரிமலைத் தீவு. உயரம் சுமார் 710 மீட்டர். பெயர் ‘நரககுண்டம்’ என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வர். ஆனால் இங்கே எரிமலை வெடித்ததற்கு வரலாற்றுப் பதிவு இல்லை. தெற்கே 1787 முதல் நெருப்பைக் கக்கியதாகப் பதிவான பாரன் தீவுக்குரிய பெயரே இங்கு இடம் மாறியது என்ற கருத்து உண்டு, அதுவே ஏற்கத்தக்கது. அந்தமான் கடல் சோழர் கப்பல்கள் கடந்த கடலும்கூட; தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் ராஜேந்திரனின் கல்வெட்டு நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிக்கிறது. நார்கொண்டத்தின் அடர்காட்டில் வாழும் நார்கொண்டம் இருவாய்ச்சிகளில் ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணோ கருமை. உலகில் வேறெங்கும் இப்பறவை இயற்கையாக வாழ்வதில்லை.